முக்கால் மனசு

ஓட்டெடுப்பில் தோற்ற மறுநாள் காலையிலேயே செய்கு அலாவுதீனின் தலையை உருட்டத் தொடங்கிவிட்டார்கள். புஜைராவிலிருந்து ஒரு குரல் பதிவு, தோஹாவிலிருந்து இரண்டு, சார்ஜாவிலிருந்து நீளமாக ஒன்று. எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான்: தலைவர் சரியாக வேலை செய்யவில்லை, அதனால் தோற்றோம். துபாய் தேராவில் அவர் தம் கடையைத் திறந்து, வாசலில் பயணப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் தம்மைப் பற்றி நாலு பேர் பேசும்போது காதைப் பொத்திக்கொள்வது அவருக்கு வராத காரியம்.

விஷயம் இதுதான். தோணிப்பட்டினம் என்கிற கடலோர ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு இரண்டு சங்கங்கள். கீழத்தெருவுக்கு ஒன்று, மேலத்தெருவுக்கு ஒன்று. ஊரில் இரண்டு தெருவுக்கும் நடுவே இருப்பது ஒரு பள்ளிவாசலும் ஒரு மீன் கடையும்தான். ஆனாலும் அபுதாபியில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் அவர் எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டுத்தான் ஓடுவார்கள். இந்தக் கூத்து போதும், இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. மேலத்தெரு ஒப்புக்கொண்டது. கீழத்தெரு உறுப்பினர்கள் அவரவர் போனில் ரகசியமாக ஓட்டுப் போட்டார்கள். சொற்ப வித்தியாசத்தில், வேண்டாம் என்று வந்துவிட்டது. அந்தக் கீழத்தெரு சங்கத்துக்குத்தான் செய்கு அலாவுதீன் தலைவர்.

அவர் தலைவரான கதையில் படிப்போ பணமோ கிடையாது, கடைதான் காரணம். லீவுக்கு ஊர் போகிற கீழத்தெருக்காரன் எவனாக இருந்தாலும் அந்தக் கடைக்கு வந்தே ஆக வேண்டும். பெட்டி, கம்பளி, தைலம், பால் பவுடர் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, மேலே பெரிய எழுத்தில் பெயரும் ஊரும் எழுதித் தருவார். கட்டிக்கொண்டே குடும்பக் கதையைக் கறந்துவிடுவார். கம்பெனி மூடியவன், விசா முடிந்தவன், வேலை கொடுத்த கஃபீலோடு தகராறு செய்துகொண்டவன் என்று எல்லோருடைய சங்கடமும் அந்தக் கயிற்று முடிச்சுக்கு நடுவே அவரிடம் வந்து சேரும். அவரும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். மறுநாளே யாருக்காவது போன் போட்டு ஏதாவது ஒரு வழி பண்ணிவிடுவார். ஒருவர் மவுத்தாகிப்போனால் உடலை ஊருக்கு அனுப்ப ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம், விமான நிலையம் என்று முன்னால் நின்று அலைவதும் அவர்தான்.

செய்வதில் குறை வைக்க மாட்டார். செய்ததைச் சொல்லாமலும் இருக்க மாட்டார். இஃப்தார் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று வாப்பா பெயரோடு சேர்த்துச் சொல்வார். கொடுத்தவன் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருப்பான். வாங்கியவன் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து வெளியே போவான். அந்த இரண்டாவது ஆளை அவர் கவனித்ததில்லை. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. நல்லது நாலு பேருக்குத் தெரிந்தால் இன்னும் நாலு நல்லது நடக்கும் என்று மனதார நம்பிய மனிதர்.

இணைப்புக்காக அவர் அலையவில்லை என்று சொல்பவன் வாயில் மண்தான் விழ வேண்டும். தேராவில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் கணக்கு பார்க்கும் ராஜிக் என்கிற துடிப்பான பையன்தான் சங்கச் செயலாளர். புதிய சங்கத்துக்கான விதிகளை இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினார்கள். பிறகு ராஜிக்கின் காரில் புஜைரா போனார்கள். ருவைஸ் வரைக்கும் போனார்கள். ரூம் ரூமாக ஏறி, அடுக்குக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த ஆட்களிடம் விதிகளை வாசித்துக் காட்டினார். அவருக்கு ரொம்பப் பிடித்தது எட்டாவது விதி. வசதியில்லாத குமர்களின் கல்யாணத்துக்குச் சங்கம் கொடுக்கும் உதவி பற்றியது அது. இதுவரைக்கும் கீழத்தெருவில் மூத்த பெண்கள் நாலைந்து பேர் கூடி, இந்த வருஷம் இத்தனை குமர் என்று எண்ணிக்கை மட்டும் சொல்லி அனுப்புவார்கள். சங்கம் தொகையை அவர்கள் கையில் கொடுத்துவிடும். யார் வீட்டுக்குப் போனது என்று ஆண்களுக்குத் தெரியாது. இனிமேல் அப்படி இல்லை. பெண்ணின் வாப்பா விண்ணப்பம் கொடுக்க வேண்டும், இரண்டு தெருக் கமிட்டியும் படிக்கும், யார் யாருக்குக் கிடைத்தது என்று வாட்ஸப் குரூப்பில் வரும். "ஒளிவு மறைவு இல்லாத நிர்வாகம்," என்று ஒவ்வொரு ரூமிலும் குரலை உயர்த்திச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வினை ருவைஸில்தான் வந்தது. அங்கே சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கும் கௌஸ் முகம்மது, செய்கு அலாவுதீனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். அவர் ரூமில்தான் கூட்டம். பேச்சு முடிந்ததும் ஒரு இளைஞன் போனில் படம் பிடித்தபடியே, அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டுக் கேட்டான்.

"காக்கா, நீங்க முழு மனசோட சொல்றீங்களா? இல்ல மேலத்தெருக்காரங்க நெருக்குறாங்கன்னு சொல்றீங்களா?"

வேறு யாராக இருந்தாலும் முழு மனசோடுதான் என்று சொல்லிவிட்டு டீ குடித்திருப்பார்கள். இவர் யோசித்தார்.

"உண்மையைச் சொல்லட்டா தம்பி? முக்கால் மனசு. கால் மனசு இன்னும் தயங்கிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா முக்கால் பெருசா, கால் பெருசா? அதனால ஆமான்னு போடுங்க."

ரூமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் குரூப்பில் சுற்றியது 'முக்கால் மனசு' என்கிற அந்த ஒரு துண்டுதான். அதற்குப் பின்னால் வந்த வாக்கியத்தைக் காணோம்.

தோற்ற பிறகு அவரை அரித்ததும் அந்தக் கால் மனசுதான். அது எதற்காகத் தயங்கியது என்று மற்றவர்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். சங்கங்கள் ஒன்றானால் தலைவர் பதவி வருஷத்துக்கு ஒரு தெருவாக மாறும். அவர் முன்னாள் தலைவர் ஆவார். கடைக்கு வருகிறவர்கள் பெட்டி வாங்கிக்கொண்டு மட்டும் போவார்கள். இதை நினைத்துத்தான் தயங்கினேனோ, அந்தத் தயக்கம் முகத்தில் தெரிந்து அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வேண்டாம் என்று போட்டார்களோ என்று அவருக்கே சந்தேகம். பதவி போனால் போகட்டும். சொந்த ஆசைக்காக ஊரைக் கவிழ்த்தவன் என்கிற பெயரோடு போகக் கூடாது. அந்த வாரம் முழுக்க அவர் கட்டிய பெட்டிகளில் இரண்டு, விமான நிலையத்தில் வாயைப் பிளந்ததாகத் தகவல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தேராவில் ஒரு ஓட்டலின் மாடியில் கூட்டம். தலைவர் மீது நம்பிக்கை இருக்கிறதா என்பது ஒன்றே பொருள். ராஜிக் எழுந்து நின்றான். மரியாதையாகத்தான் பேசினான், அதுதான் அதிகம் குத்தியது.

"மாமா நமக்கு எவ்வளவோ செஞ்சிருக்காங்க. அதை மறக்கல. ஆனா ஓட்டு கேட்டுப் போன இடத்துல தலைவரே முக்கால் மனசுன்னா, கேக்குறவன் எத்தனை மனசோட போடுவான்? நாம தோத்ததுக்கு அது ஒண்ணுதான் காரணம். நான் ஆமான்னுதான் போட்டேன். இங்க இருக்குற எல்லாரும் அப்படித்தான்."

எல்லோரும் அதை ஆமோதித்தார்கள். நானும் ஆமாதான், நானும்தான் என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். அன்றைக்கு ஆமா என்று சொன்ன வாய்களை எல்லாம் எண்ணியிருந்தால் ஓட்டெடுப்பில் தோற்றிருக்கவே முடியாது. இல்லை என்று போட்ட அத்தனை பேரும் வேறு ஏதோ கிரகத்துக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. தோல்விக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

செய்கு அலாவுதீன் பதில் சொல்ல எழுந்தார். அதற்குள் பின் வரிசையிலிருந்து கௌஸ் முகம்மது கையை உயர்த்தினார். ருவைஸிலிருந்து அதிகாலையில் பஸ் ஏறி வந்தவர்.

"நான் இல்லன்னு போட்டேன்," என்றார்.

முன் வரிசைத் தலைகள் எல்லாம் பின்னால் திரும்பின.

"எல்லாரும் ஏன் மென்னு முழுங்குறீங்க? என் ரூம்ல அஞ்சு பேரு. அஞ்சு பேருமே இல்லன்னுதான் போட்டோம். அலாவுதீன் முக்கால் மனசுன்னு சொன்னதுக்காக இல்ல. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் பேசினோம். வீட்டுல வேணாம்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான், கலாஸ்."

"ஏன் வேணாமாம்?" என்று ராஜிக் கேட்டான்.

"அதை நான் கேக்கல," என்றார் கௌஸ் முகம்மது. கேட்கவில்லை என்று சொன்னபோது அவர் பார்வை தரைக்குப் போனது. "வீட்டுல வேணாம்னாங்க. வீடு அவங்க வீடு. நம்ம ஊருல வீடு யாரு பேருல இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

சிரிப்பு எழுந்தது. தோணிப்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். துபாயில் எத்தனை வருஷம் உழைத்துக் கட்டினாலும் பத்திரத்தில் மகள் பெயர்தான் இருக்கும். கௌஸ் முகம்மது கதவைத் திறந்துவிட்டார் என்றதும் புஜைராக்காரர் ஒருவர் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார். பிறகு ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள்.

செய்கு அலாவுதீனுக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"கௌஸு, நான் முழு மனசுன்னு சொல்லியிருந்தா, ஆமான்னு போட்டிருப்பியா?"

கௌஸ் முகம்மது பொய் சொல்லத் தெரியாத ஆள்.

"இல்லப்பா. நீ என்ன சொன்னாலும் வீட்டுல சொன்னதைத்தான் போட்டிருப்பேன்."

தலைவர் மீது தவறில்லை என்று எல்லோரும் கை தூக்கினார்கள், ராஜிக் உட்பட. பிறகு பிரியாணி வந்தது. குற்றவாளி என்று சொல்லியிருந்தால்கூட அவர் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றம் சாட்டும்போது, இவர் ஒரு சொல் சொன்னால் ஊர் கவிழும் என்றாவது நினைத்திருந்தார்கள். விடுதலை செய்தபோது தெரிந்தது, இவர் சொல்லை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று. ருவைஸ் வரைக்கும் போய்க் கத்தியது கட்டிலுக்கும் சுவருக்கும்தான்.

வீடு நடந்துபோகிற தூரம்தான். கடைகளுக்கு நடுவே இருந்த பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. மகள் ஹஃபீஸா கல்யாணமாகி ஊரில் இருக்க, இங்கே அவரும் மனைவி ரஹீமா பீவியும் மட்டும். ரஹீமா பீவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"என்மேல தப்பு இல்லையாம்."

"அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிச் சுண்டிப்போயிருக்கு?"

அவர் நடந்ததைச் சொன்னார். கௌஸ் முகம்மது சொன்னதையும் சொன்னார். ரஹீமா பீவி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அரிந்தார். முப்பது வருஷம் கூடக் குடியிருந்தவருக்கு அதன் அர்த்தம் புரியாமலா போகும்?

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தோக்கும்னு தெரியுமா?"

"நீங்க ருவைஸ் போறதுக்கு முன்னாடியே தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீங்க கேட்டீங்களா?" ரஹீமா பீவி கத்தியைக் கீழே வைத்தார். "புஜைராவுல போய்க் கேட்டீங்க, ருவைஸ்ல போய்க் கேட்டீங்க. இந்த அடுப்படிக்கு வந்து, ரஹீமா, இப்படி ஒரு விதி எழுதியிருக்கோம், சரியாயிருக்கான்னு ஒரு தடவை கேட்டீங்களா? எட்டாவது விதியை எழுதினது யாரு?"

"நான்தான். அதுல என்ன தப்பு? ஒளிவு மறைவு இல்லாம..."

"ஒளிச்சு வச்சதாலதான் அந்தப் புள்ளைங்க தலை நிமிந்து நடக்குதுங்க. வாப்பா பேரு, வீட்டுப் பேரு போட்டு மேலத்தெரு ஆம்பளைங்க வாசிக்கணுமா? நாளைக்கு மாமியார் வீட்டுல சங்கத்துக் கல்யாணம்னு ஒரு சொல்லு வந்தா அந்தப் புள்ளை எங்க போய் நிக்கும்?"

அவர் அடுப்படி நிலையில் கையை ஊன்றிக்கொண்டார். "நீதான் எல்லாரையும் கூப்பிட்டு வேணாம்னு சொன்னியா?" என்றார்.

"நான் யாரையும் கூப்பிடல. எனக்கு ஒரு போன் வந்துச்சு. மதினி, இந்த விதி வந்தா பழைய பேரும் வெளிய வருமான்னு கேட்டா. எனக்குத் தெரியல. தெரியலன்னேன். அவ அழுதா. நான் தெரியலன்னு சொன்னது தெரு முழுக்கப் போயிடுச்சு."

மதினி. ரஹீமா பீவியை மதினி என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு. அவருடைய ஒரே தங்கை அஸ்மத் பீவி.

"அஸ்மத்தா?" என்று கேட்டார். "ஷஹீரா கல்யாணம் சங்கத்துப் பணத்துலயா?"

தங்கை மகள் ஷஹீராவின் நிக்காஹுக்கு லீவு போட்டுப் போயிருந்தார். மச்சானுக்குக் குவைத்தில் வேலை போன சமயம் அது. எப்படியோ சமாளித்துவிட்டாரே என்று வலீமா விருந்துப் பந்தியில் நாலு பேரிடம் மச்சானைப் புகழ்ந்தார். சாப்பாட்டையும் புகழ்ந்தார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே! நான் குடுக்க மாட்டேனா?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இருக்குறது ஒரு தங்கச்சி!"

"குடுத்திருப்பீங்க," என்றார் ரஹீமா பீவி. கோபம் போய்விட்டது, குரலில் பாவம் மட்டும் இருந்தது. "ஹஃபீஸா வாப்பா, நீங்க குடுக்க மாட்டீங்கன்னு அவ நெனைக்கல. மருமவ ஷஹீராவுக்கு நீங்க ஃப்ரிட்ஜ் வாங்கிக் குடுத்தீங்கல்ல, அதை எத்தனை பேருகிட்ட சொன்னீங்க? வலீமாவுக்கு வந்தவங்க எல்லாரும் பொண்ணைப் பாத்துட்டு, அடுத்து ஃப்ரிட்ஜைத்தான் பாத்தாங்க. கல்யாணத்தையே நடத்திக் குடுத்திருந்தீங்கன்னா? அதுக்குப் பயந்துதான் அவ உங்ககிட்ட வரல."

செய்கு அலாவுதீன் அடுப்படி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரஹீமா பீவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானம் ஊர் கூடி அவர்மேல் தப்பில்லை என்று சொன்னது. சொன்ன குற்றத்துக்கு அது நியாயமான தீர்ப்புதான். அவர் உண்மையில் செய்த குற்றத்தை அங்கே யாருமே சொல்லவில்லை. கௌஸ் முகம்மதுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் தரையைப் பார்த்தார்.

மறுநாள் ராஜிக் கடைக்கு வந்தான். முந்தின நாளைப் பற்றி ஏதோ வருத்தம் சொல்ல வாயெடுத்தான். அவர் கையமர்த்திவிட்டார்.

"சரி மாமா, ஆண்டறிக்கையில தோத்ததுக்குக் காரணம் எழுதணும். மேலத்தெருக்காரங்களும் கேக்குறாங்க. கௌஸ் மாமா சொன்னதை எழுதிடட்டா? பெண்கள் எதிர்ப்புன்னு?"

"எழுதினா?"

"ஏன்னு கேப்பாங்க. ஊருல ரெண்டு பேரை அனுப்பி வீடு வீடா விசாரிச்சுட்டா தெளிவாயிடும்."

வீடு வீடாக. அதில் அஸ்மத்தின் வீடும் ஒன்று. செய்கு அலாவுதீன் கட்டிக்கொண்டிருந்த பெட்டியை நிறுத்தினார்.

"விசாரிக்க ஒண்ணும் இல்ல. எழுதிக்க. தலைவர் முழு மனசோட வேலை செய்யல. அவரோட முக்கால் மனசால தோத்தோம்."

"மாமா! நேத்துதான் எல்லாருமா சேந்து அது காரணமில்லன்னு..."

"நேத்து சபை சொன்னுச்சு. இன்னிக்கு நான் சொல்றேன். பதவிக்காகத் தயங்கினேன், அதை ஒத்துக்கிட்டு விலகுறேன்னும் சேத்துப் போடு. அடுத்து நீ வா. வந்ததும் அந்த எட்டாவது விதியை எடுத்துட்டுத் திரும்ப ஓட்டுக்கு விடு."

"எட்டாவது விதி உங்களோடதாச்சே. அதுல என்ன?"

எதற்கும் ஒரு பதிலும், பதிலுக்குப் பின்னால் ஒரு கதையும் வைத்திருக்கும் மனிதர் அவர். ராஜிக் காத்திருந்தான். அவர் கயிற்றின் நுனியைப் பல்லால் இழுத்து முடிச்சைப் போட்டார்.

அறிக்கை குரூப்பில் வந்த அன்று சாயங்காலமே தங்கை போன் செய்தாள்.

"காக்கா, என்ன காக்கா இது? பதவிக்கு ஆசைப்பட்டு ஊரைக் கெடுத்தீங்கன்னு தெருவெல்லாம் பேச்சா இருக்கு. அது பொய்தானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். எப்பவும் சொல்வீங்களே."

கடையில் வாடிக்கையாளர் ஒருவர் பெட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்கு அலாவுதீன் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார்.

"பேசட்டும் அஸ்மத்து," என்றார். "ஷஹீரா நல்லாயிருக்காளா?"